100 மிமீ கிளிப் லென்ஸ்: நெட்டைக்காலி பார்க்கப் போகிறவர்களுக்கு

விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போன் கேமரா மேல் மாட்டும் இந்த லென்ஸ் 85 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), தபால் செலவு தனி. அதற்கு முன் 18 வெள்ளிக்கு ஒன்று வாங்கி வருத்தப்பட்டேன், அந்தக் கதையும் கீழே வருகிறது. கம்பெனி பெயரை எழுதவில்லை. ஒரே கண்ணாடியை நாலைந்து பெயர் ஒட்டி விற்கிறார்கள், இன்றைக்கு நான் ஒரு பெயரைச் சொன்னால் அடுத்த மாதம் அதே சாமான் வேறு பெயரில் வரும். பெட்டியில் "100 மிமீ மேக்ரோ" என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அந்த 100 தான் விஷயம்.

நான் தாப்பா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி. படம் எடுப்பது என் தொழில் இல்லை, ஆனால் ஆறேழு வருடமாகச் சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் கோலா வோ பக்கம் ஆற்றோரக் காட்டில்தான் இருப்பேன். அக்கா மகளும் கூட வருவாள், 13 வயது, எங்கள் இருவரில் கண் கூர்மை அவளுக்குத்தான். போன வருடக் கடைசி விடுமுறையில் ஒரு பெரிய மரத்தின் பலகை மாதிரி நிற்கும் வேர் இடுக்கில் ஒரு நெட்டைக்காலிக் கூட்டத்தைக் கண்டோம், பார்க்கச் சிலந்தி மாதிரி இருக்கும் நீண்ட கால் உயிர். உடம்பு மிளகு அளவுதான், அதைச் சுற்றிக் கருப்பு நூலை அள்ளி வீசியது போல் கால்கள், எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்றே தெரியாது. நான் மூச்சை கொஞ்சம் பலமாக விட்டதும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் மேலும் கீழுமாகக் குலுங்கியது. அவள் அசையவில்லை. "மாமா, இங்க பாருங்க, இதுக்கு கால்ல செவப்புப் பாசிமணி கோத்திருக்கு" என்றாள்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், போட்டுப் பார்த்தேன். ஒரு கசகசா அளவுக்குச் சிவப்பாக ஏதோ ஒன்று, அவ்வளவுதான். அந்தச் சிவப்புப் பாசி என்ன என்று பார்ப்பதற்காகத்தான் லென்ஸ் தேடத் தொடங்கினேன். ஆகவே இது பொதுவான லென்ஸ் விமர்சனம் இல்லை. பூ எடுக்க, மோதிரம் எடுக்க, ஆன்லைனில் பலகாரம் விற்பதற்குப் படம் பிடிக்க என்றால் வேறு யாராவது எழுதியதைப் படியுங்கள். உயிரோடு, பயந்து ஓடக்கூடிய, நீண்ட காலுள்ள ஒன்றை அதன் இடத்திலேயே பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இது.

நெட்டைக்காலி என்பது நாங்கள் வீட்டில் வைத்துக்கொண்ட பெயர். ஆங்கிலத்தில் ஹார்வெஸ்ட்மேன் என்பார்கள், அறிவியலில் அதன் வரிசைக்கு ஒப்பிலியோனிஸ் என்று பெயர், இடையன் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 6,000-க்கு மேல் இனங்கள் இருக்கின்றன. பார்க்கச் சிலந்தி மாதிரி இருந்தாலும் சிலந்தி இல்லை. சிலந்திக்கு இடுப்பு இருக்கும், உடம்பு இரண்டு துண்டாகத் தெரியும். இதற்கு இடுப்பே கிடையாது, ஒரே உருண்டை. சிலந்திக்குப் பெரும்பாலும் எட்டுக் கண், இதற்கு இரண்டு, அதுவும் முதுகில் ஒரு சின்ன மேட்டின் மேல் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக. நூல் விடாது, வலை கட்டாது. விஷமும் கிடையாது. எங்கள் ஆபீசில் ஒருவர் "உலகத்திலேயே கொடிய விஷம் அதுக்குத்தான், பல்லு சின்னதா இருக்கிறதால நம்ம தப்பிச்சோம்" என்று ரொம்ப உறுதியாகச் சொன்னார். இந்தக் கதை பல நாடுகளில் ஓடுகிறது, முழுப் பொய். விஷச் சுரப்பியே அதற்கு இல்லை. இருப்பது நாற்றச் சுரப்பி, உடம்பின் முன்பக்க ஓரத்தில் இரண்டு துளை, ரொம்பத் தொந்தரவு செய்தால் அதிலிருந்து ஒரு காரமான வாடையை விடும். கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும்.

நம் பக்கத்துக் காடுகளில் கண்ணில் படுகிறவற்றில் நிறையப் பேர் காக்ரெல்லினே என்ற கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். பல இனங்களுக்கு முதுகு நடுவில் ஒரு முள் நிற்கும், அதை லென்ஸ் இல்லாமல் பார்த்திருக்க மாட்டீர்கள். காலின் கடைசிப் பகுதி குட்டிக் குட்டிக் கணுக்களாகப் பிரிந்திருப்பதால் கயிறு மாதிரி வளையும், புல் தண்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது ஜோடிக் கால்தான் எல்லாவற்றிலும் நீளம், நடப்பதை விடத் தடவிப் பார்க்கத்தான் அதிகம் பயன்படுகிறது, கண் தெரியாதவர் கைக்கோல் மாதிரி. 2012-இல் லாவோசில் ஒரு குகைப் பக்கம் கிடைத்த ஒன்றுக்குக் கால் விரித்தால் 33 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தது, பள்ளிக்கூடத்து அடிக்கோலை விட நீளம். காலை அந்த அளவுக்கு விரித்து நிற்கிற ஒன்றின் உடம்புக்குப் பக்கத்தில் எப்படிப் போவது? லென்ஸ் கேள்வி முழுவதும் இதில்தான் இருக்கிறது.

சரி, அந்த 18 வெள்ளி லென்ஸ். இணையத்தில் வாங்கியது, "15 மடங்கு" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. மடங்கு கூடினால் நல்லது என்றுதான் நானும் நினைத்தேன். யாரும் சொல்லாத ஒரு கணக்கு இருக்கிறது: 250-ஐ மடங்கால் வகுத்தால், கண்ணாடிக்கும் பொருளுக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரம் ஏறக்குறைய மில்லிமீட்டரில் வந்துவிடும். 15 மடங்கு என்றால் 17 மில்லிமீட்டர். அதாவது போனைக் கொண்டுபோய் பூச்சியிடமிருந்து ஒரு விரல் அகலத்தில் நிறுத்த வேண்டும். காசு, இலை, மல்லிகை மொட்டு என்றால் சரி. நெட்டைக்காலியின் உடம்பு காட்டின் நடுவில் கட்டிய பரண் மாதிரி, சுற்றிலும் எட்டுக் கால் வேலி. அந்த வேலியைத் தாண்டாமல் 17 மில்லிமீட்டருக்குப் போக முடியாது. போனால் போனின் நிழலே அதன் மேல் விழுந்து படமும் கருப்பு.

நான் போனேன். இதை எழுத எனக்கு இன்றும் கஷ்டமாக இருக்கிறது. போன் விளிம்பு ஒரு காலை மரத்தோடு சேர்த்து அழுத்திவிட்டது, அது அந்தக் காலை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போனது. பல்லி வாலை விடுவது போலத்தான், ஆனால் பல்லிக்கு வால் திரும்ப முளைக்கும். நெட்டைக்காலிக்குக் கால் முளைக்காது, மீதி ஏழு காலோடுதான் சாகும் வரை. விட்டுப்போன கால் வேர் மேல் கிடந்து துடித்துக்கொண்டே இருந்தது. கால் துண்டுக்குள்ளேயே அதை இயக்கும் நரம்பு அமைப்பு இருக்கிறது, காலிலேயே மூச்சுத் துளைகளும் இருக்கின்றன, அதனால் சில சமயம் ஒரு நிமிடம், சில சமயம் ஒரு மணி நேரம் வரைக்கும் கூடத் துடிக்கும், துரத்தி வந்த எதிரி அதையே பார்த்துக்கொண்டு நிற்பதற்காக. எதிரி நான்தான். அக்கா மகள் குனிந்து பார்த்தாள். அந்தக் காலில்தான் அவள் சொன்ன சிவப்புப் பாசி இருந்தது, கால் துடிக்கத் துடிக்க விடாமல் பிடித்துக்கொண்டு. "இனிமே அது என்ன பண்ணும் மாமா?" என்று கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கே அந்த லென்ஸைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டேன், அதன் பிறகு அது மேசை இழுப்பறையிலேதான் இருக்கிறது. அதை விற்ற கடையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கண்ணாடி மோசமில்லை, நடுப்பகுதி தெளிவாகத்தான் காட்டும். உயிருள்ளதற்கு அது ஆகாது, அவ்வளவுதான்.

இப்போது 100 மிமீ. இதில் 100 என்பது குவியத் தூரம். போன் கேமராவின் முன் இதை மாட்டி, தூரத்தில் இருப்பதைப் பார்ப்பது போல் ஃபோகஸ் வைத்தால், லென்ஸிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளி இருப்பது தெளிவாகும். 17 மில்லிமீட்டர் எங்கே, 10 சென்டிமீட்டர் எங்கே! நடுவே ஒரு உள்ளங்கை நுழையும். பக்கவாட்டில் இருந்து வெளிச்சம் கொடுக்கலாம். நெட்டைக்காலிக்கு நீங்கள் வந்ததே தெரியாமல் கூட இருக்கும்.

ஆனால் வாங்கிய முதல் வாரம் நான் கோபத்தில்தான் இருந்தேன், ஏனென்றால் சாதாரண 1x கேமராவில் மாட்டினேன். அது அகலமாகப் பார்க்கிற கேமரா, 10 சென்டிமீட்டரில் கிட்டத்தட்ட முக்கால் சாண் அகலத்தைத் திரைக்குள் கொண்டுவந்துவிடுகிறது, நெட்டைக்காலி திரை நடுவில் ஒரு புள்ளி, பாசி கண்ணுக்கே தெரியாது. 85 வெள்ளி போச்சு என்று நினைத்தேன். பிறகுதான் போனில் இருக்கும் 3x கேமரா ஞாபகம் வந்தது. லென்ஸை நகர்த்தி அதன் மேல் வைத்தேன். அதே 10 சென்டிமீட்டர், ஆனால் இப்போது திரை முழுக்க ஒரு தீப்பெட்டி நீளம் மட்டும். முதுகு முள், கண் மேடு, கால் மயிர் எல்லாம் வந்துவிட்டது. ஆகவே வாங்குவதற்கு முன் உங்கள் போனைப் பாருங்கள்: 3x அல்லது அதற்கு மேல் தனியாக ஒரு கேமரா இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் இந்தக் காசுக்கு மதிப்பு பாதிதான். விரலால் திரையை இழுத்துப் பெரிதாக்குவது வேறு, நிஜமான 3x கேமரா வேறு.

இன்னொரு சிக்கல், இது லென்ஸின் குற்றம் இல்லை, போனின் குற்றம். இருட்டானதும் பல போன்கள் 3x என்று திரையில் காட்டிக்கொண்டே உள்ளுக்குள் 1x கேமராவுக்கு மாறிவிடும், வெளிச்சம் போதவில்லை என்று அதுவாக முடிவு செய்துகொள்ளும். லென்ஸ் ஒரு கேமரா மேல், படம் இன்னொரு கேமராவில். எனக்கு இரண்டு சனிக்கிழமை இப்படிப் போனது. கண்டுபிடிக்கச் சுலபமான வழி, லென்ஸை விரலால் மூடுங்கள்; திரை கருப்பாகவில்லை என்றால் போன் வேறு கேமராவில் பார்க்கிறது. பல போன்களில் புரோ மோட் என்று ஒன்று இருக்கும், அதில் போய் 3x-இல் நிலைநிறுத்திவிட்டால் மாறாது. தானாக மேக்ரோவுக்குப் போகும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

வெளிச்சம் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுத வேண்டும். போனின் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், நெட்டைக்காலியின் ஓடு பளபளப்பு, நேர் வெளிச்சம் பட்டால் வெள்ளைத் திட்டு ஒன்றுதான் வரும். தலையில் மாட்டும் விளக்கைக் கழற்றிக் கையில் பிடித்து, தயிர் டப்பாவின் வெள்ளை மூடியை அதன் முன்னால் ரப்பர் பேண்டில் கட்டி, கூட வருபவரைப் பக்கவாட்டில் இருந்து காட்டச் சொல்லுங்கள். எங்களுக்கு அந்த மூடிதான் எல்லாவற்றையும் மாற்றியது, காசு செலவே இல்லை. சிவப்பு விளக்கு வைத்தால் அவை குறைவாகக் குலுங்குகின்றன என்று எங்களுக்குத் தோன்றுகிறது, அதனால் தேடும்போது சிவப்புத்தான் வைத்திருப்போம். ஆனால் நாங்கள் தேடுவதே சிவப்புப் பாசி! சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புப் பொருள் வெளுத்துப் போய்ச் சுற்றி இருப்பதோடு கலந்துவிடுகிறது. ஒரு சாயங்காலம் முழுக்க "இங்கே ஒன்றிலும் பாசி இல்லை" என்று எழுதிக்கொண்டு வந்தோம், திரும்பும்போது அவள் வெள்ளைக்கு மாற்றினாள், முதல் மரத்திலேயே இரண்டு. அப்புறம் அந்தக் குறிப்பை அடித்துவிட்டோம்.

சரி, அந்தப் பாசி என்ன என்று சொல்லவில்லையே. அது ஒரு உண்ணி, இன்னும் சரியாகச் சொன்னால் சிற்றுண்ணியின் குஞ்சு. நெட்டைக்காலி மேல் அதிகம் பேசப்படுவது லெப்டஸ் என்ற பேரினம், எரித்ரேயிடே குடும்பம். படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இனம் சொல்வது என் அறிவுக்கு மேல், ஆனால் இந்த வகைதான் என்று சொல்லத் தைரியம் வந்தது ஒரு படத்தினால். பெரிய உண்ணிக்கு எட்டுக் கால், முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு ஆறு. நல்ல வெளிச்சத்தில், கை ஆடாமல், நெட்டைக்காலியும் அசையாமல் இருந்த ஒரு படத்தைப் பெரிதாக்கி நாங்கள் எண்ணினோம்: இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. எத்தனையோ படங்களில் ஒன்றே ஒன்றில்தான் இப்படி எண்ண முடிந்தது, மற்றதில் எல்லாம் சிவப்பு மணிதான். ஆகவே இந்த லென்ஸ் ஆறு காலைக் காட்டுமா என்று கேட்டால், காட்டும், ஆனால் தினமும் காட்டாது.

அது சும்மா சவாரி செய்யவில்லை. வாயுறுப்பைத் தோலுக்குள் செருகி நெட்டைக்காலியின் உடல் நீரைக் குடிக்கிறது. ஒட்டும்போது தூசி அளவு, குடிக்கக் குடிக்க உப்பி மணியாகிவிடும். அக்கா மகள் பார்த்தது நன்றாகக் குடித்து உப்பிய ஒன்று. வயிறு நிறைந்ததும் தானாக விழுந்து இலைச் சருகுக்குள் போய், ஒரு வளர்ச்சிப் பருவம் முழுக்க அசையாமல் கிடந்து, எட்டுக் காலோடு எழுந்துவிடும். அதற்குப் பிறகு யாரையும் ஒட்டுவதில்லை, தானே ஓடியாடிச் சின்னப் பூச்சிகளையும் முட்டைகளையும் வேட்டையாடித் தின்னும். குழந்தைப் பருவத்தில் ஒட்டுண்ணி, வளர்ந்தால் வேட்டைக்காரர். முதல் மழைக்குச் செம்மண்ணில் வெல்வெட் துணி மாதிரி ஊருமே தம்பலப்பூச்சி, இந்திரகோபம் என்றும் சொல்வார்கள், சங்கப் பாடல்களில் மூதாய் என்று வருவது, அதுவும் இந்தப் பெரிய கூட்டத்தின் சொந்தம்தான், அதன் குஞ்சும் இப்படி வேறு பூச்சிகளில் ஒட்டித்தான் வளரும். பாட்டி அவர் ஊரில் அதைக் கையில் ஏந்தி விளையாடியதைச் சொல்லும்போது எங்களுக்கு இதெல்லாம் தெரியாது.

ஒரு ராத்திரி நெட்டைக்காலி தன் காலைச் சுத்தம் செய்வதை முழுதாகப் பார்த்தோம். ஒவ்வொரு காலாக வாய்ப்பக்கம் வளைத்து, ஊசியில் நூல் கோர்ப்பது போல், வாய்க் கொடுக்குகளுக்கு நடுவே மெதுவாக நுனி வரைக்கும் இழுக்கும். ஒரு கால் முடிந்ததும் அடுத்தது. பாசி தொங்கிய காலையும் இழுத்தது, நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பாசி தொடைப் பகுதியில், உடம்புக்குக் கிட்டத்தில் இருந்தது. வாய் இழுத்தது அதற்குக் கீழே உள்ள பகுதியை. முடிந்தது, காலைத் திரும்ப ஊன்றியது, பாசி அப்படியே இருந்தது. 18 வெள்ளி லென்ஸ் இருந்திருந்தால் இந்தக் காட்சி எனக்குக் கிடைத்தே இருக்காது, இதற்கு மட்டுமே 85 வெள்ளி தகும் என்பது என் முடிவு.

குறைகளையும் எழுதுகிறேன். கிளிப்பின் ரப்பர் மெல்லியது, போன் உறையோடு மாட்டினால் சாய்ந்து உட்காரும், படத்தின் ஒரு பக்கம் மங்கிவிடும். உறையைக் கழற்ற வேண்டியிருக்கிறது, ஆற்றோரத்தில் ஈரக் கையோடு உறை இல்லாத போன் என்பது பயமான விஷயம். நான் பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி ஒட்டியிருக்கிறேன், இப்போது பிடிப்பு பரவாயில்லை. ஆழம் ரொம்பக் குறைவு, முதுகு தெளிவாக இருந்தால் கால் மங்கும், காலைப் பிடித்தால் முதுகு போய்விடும். இது எல்லா மேக்ரோவுக்கும் உள்ளதுதான், இருந்தாலும் புதிதாக வாங்குகிறவர்கள் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஃபோகஸை போனில் தேடாமல் உங்கள் உடம்பை ஒரு நூல் முன்னால் பின்னால் ஆட்டிப் பிடியுங்கள், பத்து இருபது படம் தொடர்ந்து எடுத்தால் ஒன்று தேறும். மூடியும் ஒழுங்காகப் பொருந்தவில்லை, மூன்றாவது வாரமே தொலைந்துவிட்டது.

நம் ஊர் ஈரத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. ஏர்கான் காரிலிருந்து நேராகக் காட்டுக்குள் எடுத்துப் போனால் கண்ணாடி முழுக்கப் பனி பிடிக்கும், கால் மணி நேரம் பைக்குள்ளேயே வைத்துச் சூடு பழக விடுங்கள். வீட்டில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்ட பிஸ்கட் டின்னில் வையுங்கள். என் மைத்துனருடைய பழைய கேமரா லென்ஸ் அலமாரியில் சும்மா இருந்தே பூஞ்சை பிடித்துப் போனது.

கூடவே பத்து மடங்கு கைக் கண்ணாடி ஒன்றும் வாங்குங்கள், நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பது. ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் கேட்டு வாங்கினேன், 35 வெள்ளி. மூன்று கண்ணாடி ஒட்டியது என்று கேட்டு வாங்க வேண்டும், ஒற்றைக் கண்ணாடி என்றால் ஓரத்தில் வானவில் தெரியும். மேலே சொன்ன கணக்குப்படி தூரம் 25 மில்லிமீட்டர், ஆகவே நெட்டைக்காலிக்கு இதை நீட்டாதீர்கள். இது சருகுக்கு, பச்சைப் பாசிக்கு, மரப்பட்டைக்கு. சருகுக்குள் ஓடும் வளர்ந்த சிவப்பு உண்ணியை எட்டுக் காலோடு பார்த்தது இதில்தான். ஒரு இலையை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவரலாம், அதனால் யாருக்கும் கால் போகாது.

உண்ணி என்றதும் எல்லோரும் கேட்பது "நம்மைக் கடிக்குமா?" நெட்டைக்காலி மேல் தொங்குவது நம்மைத் தேடி வருவதில்லை, அது தேடுவது பூச்சி, சிலந்தி வகையைத்தான். ஆனால் அதே பெரிய கூட்டத்தில் நம்மைத் தேடி வருகிற ஒன்று இருக்கிறது, அதைத் தோட்டத்து ஆள் நான் சொல்லாமல் விட்டால் தப்பு. சிக்கர் என்கிற சிற்றுண்ணிக் குஞ்சு, லாலான் புல்லிலும் புதரிலும் இருக்கும், ஸ்கிரப் டைபஸ் என்ற காய்ச்சலைக் கொண்டுவரும். இந்த நாட்டுக்கும் அந்தக் காய்ச்சலுக்கும் பழைய உறவு. 1920-களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளெட்சர், லெஸ்லார் இருவரும்தான் புதரில் வரும் டைபஸ் வேறு, கடைத்தெருவில் வரும் டைபஸ் வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். 1948-இல் குளோராம்ஃபெனிகால் மருந்து இதற்கு வேலை செய்யும் என்று நிரூபித்ததும் இங்கேதான். இப்போது டாக்ஸிசைக்ளின் கொடுக்கிறார்கள், சீக்கிரம் போனால் குணமாகிவிடும். ஆகவே நீண்ட கால்சட்டை, சாக்ஸுக்குள் அதைச் செருகுவது, பூச்சி விரட்டும் மருந்து தடவுவது, திரும்பியதும் குளித்துத் துணியை உடனே துவைக்கப் போடுவது, புல்லில் உட்காராமல் இருப்பது. போய்வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி வந்து, உடம்பில் வலியே இல்லாத ஒரு கருப்புப் பொருக்கு தெரிந்தால் கிளினிக்கில் "காட்டுக்குப் போயிருந்தேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள், அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். அட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஹூத்தான் லிப்பூர் என்று பலகை போட்ட பொது இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதைத் தாண்டிய காப்புக் காட்டுக்கு வன இலாகாவின் அனுமதி வேண்டும். மலையில் மழை கருத்தால் ஆற்றோரத்தில் நிற்காதீர்கள், கெப்பாலா ஆயர், அதாவது மலையிலிருந்து திடீரென்று இறங்கும் ஆற்று வெள்ளம், சொல்லிக்கொண்டு வராது. அப்புறம், வேரைப் புரட்டாதீர்கள், கூட்டமாக இருப்பதைக் குச்சியால் கலைத்து வீடியோ எடுக்காதீர்கள். பாசியைப் பிடுங்கிவிட்டு அதற்கு உதவி செய்தோம் என்றும் நினைக்காதீர்கள், பிடுங்கும்போது போவது காலாகத்தான் இருக்கும். அந்தச் சிவப்புக் குஞ்சுக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது, அது வளர்ந்து சருகுக்குள் போனால்தான் அந்த வேலை தொடங்கும்.

போன சனிக்கிழமை அதே மரத்துக்குப் போனோம். கூட்டம் இருந்தது, ஏழு காலோடு ஒன்றும் இருந்தது. நான் கால் விட வைத்ததுதானா என்று தெரியாது, ஏழு காலோடு திரிகிறவை நிறைய. 10 சென்டிமீட்டரில் நின்று அதை மட்டும் நிறையப் படம் எடுத்தோம், அது ஒரு முறை கூடக் குலுங்கவில்லை. நகைக்கடைக் கண்ணாடியை அக்கா மகள் பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டாள், திரும்ப வரும் என்று தோன்றவில்லை. எனக்கு இன்னொன்று வாங்க வேண்டும், அந்தக் கடைக்காரர் இன்னும் இரண்டு இருப்பதாகச் சொன்னார்.